எலியின் குரலும் எந்திரத்தின் செவியும்

வெள்ளெலிகள் வளர்க்கப்படும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றினுள் இரவு வேளையில் நுழைந்தால், நம் காதில் விழும் ஒலிகள் மிகச் சிலவே. கூண்டுக் கம்பியில் நகம் உராயும் ஓசை, தண்ணீர்ப் புட்டியின் குழாயை நக்கும் ஓசை, மரத்தூளைக் கிளறும் ஓசை ஆகிய இவ்வளவுதான் கேட்கும். எலிகள் விழித்திருக்கின்றன, ஓடுகின்றன, ஒன்றையொன்று துரத்தி விளையாடுகின்றன. ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்றே நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. அந்தக் கூண்டுகளிலிருந்து இடைவிடாமல் கூவல்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கேட்கும் ஆற்றல் நம் செவிக்கு இல்லை, குறை அவ்வளவே.

இந்தக் கேளாக் கூவல்களை விஞ்ஞானிகள் எவ்வாறு கேட்கத் தொடங்கினார்கள், எந்திரங்களின் துணையால் அவற்றை எவ்வாறு வகைப்படுத்துகிறார்கள், போதைப் பழக்கத்துக்கு அடிமையான மனிதரின் துன்பத்தை அறிய அவை எவ்வாறு உதவுகின்றன என்பவற்றைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். எலியின் கீச்சொலிக்கும் குடிகாரனின் துயரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். தொடர்பு உண்டு. அதனைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அதுவே அவ்வொலியின் அதிர்வெண். அதிர்வெண் குறைந்தால் ஒலி தாழ்ந்து ஒலிக்கும். மிகுந்தால் உச்சத்தில் ஒலிக்கும். ஒரு விநாடிக்கு 1,000 அதிர்வு என்பதை ஒரு கிலோஹெர்ட்ஸ் என்று சொல்வர். மனிதனின் செவி ஏறத்தாழ 20 அதிர்வுகளிலிருந்து 20,000 அதிர்வுகள் வரை, அதாவது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது. வயது ஏற ஏற இந்த மேல் எல்லை தாழ்ந்துகொண்டே வரும். வகுப்பிலுள்ள மாணவனுக்குக் கேட்கும் ஒரு கீச்சொலி ஆசிரியருக்குக் கேளாமற் போவது இதனாலேயே. நாய்க்கு இந்த எல்லை ஏறத்தாழ 45 கிலோஹெர்ட்ஸ். எலிக்கும் பூனைக்கும் அது 80 கிலோஹெர்ட்ஸை எட்டுகிறது. நம் எல்லைக்கு மேற்பட்ட ஒலியைக் 'கேளா ஒலி' என்று அழைக்கிறோம். நமக்குத்தான் அது கேளா ஒலி. எலிக்கு அது நன்றாகக் கேட்கும் ஒலியே.

இத்தகைய ஒலி உலகில் உண்டு என்பது மிகப் பிந்தியே தெரிய வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி, பார்வை இழந்த வௌவால் எதிலும் மோதாமல் பறப்பதையும், காது அடைக்கப்பட்ட வௌவால் தடுமாறி மோதுவதையும் கண்டார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. 1938-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த டொனால்டு கிரிஃபின் என்பவர், பௌதிகப் பேராசிரியர் பியர்ஸ் அமைத்திருந்த கேளா ஒலிக் கருவியின்முன் வௌவால்களைக் கொண்டு சென்றார். மௌனப் பிராணி என்று கருதப்பட்ட வௌவால் ஓயாமல் கத்திக்கொண்டிருப்பதைக் கருவி காட்டிவிட்டது. அதன் பிறகு ஆராய்ச்சியாளர்களின் கவனம் மற்ற சிறு பிராணிகளின்மீது சென்றது. 1954-இல் ஆண்டர்சன் என்பவர் ஆய்வுக்கூட எலிகள் கேளா ஒலி எழுப்புவதைப் பற்றி எழுதினார். 1956-இல் சிப்பெலியஸ், ஷ்லைட் என்னும் இருவர், கூட்டை விட்டு விலகிய சுண்டெலிக் குஞ்சுகள் கேளா ஒலியில் அழுவதைக் கண்டறிந்தனர். தாய் அதைக் கேட்டு வந்து குஞ்சை வாயிற் கவ்விக் கூட்டுக்குக் கொண்டு செல்லும்.

எலி இந்த ஒலியை எழுப்பும் முறையும் தனிப்பட்டது. நாம் பேசும்போது குரல்வளையிலுள்ள நாண்கள் அதிர்கின்றன. வீணையின் தந்தி அதிர்வதுபோல என்று கூறலாம். கேளா ஒலி எழுப்பும் எலியின் குரல்வளையிலோ காற்று ஒரு குறுகிய வழியே பாய்ந்து சீழ்க்கையாக மாறுகிறது. புல்லாங்குழலுக்கு உறவான முறை இது. உடல் சிறிது, குரல்வளையும் சிறிது. ஆதலால் எழும் சீழ்க்கையும் உச்சத்தில் நிற்கிறது.

வளர்ந்த எலியின் கூவல்களை விஞ்ஞானிகள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கின்றனர். முதலாவது, ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸில் எழுவது. இது நீண்ட கூவல். சில சமயம் ஒரே கூவல் ஒரு விநாடிக்கும் மேலாக நீடிக்கும். சுருதியில் ஏற்ற இறக்கம் அதிகம் இராது. இரண்டாவது, ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி எழுவது. இது மிகக் குறுகியது. ஒரு விநாடியை நூறு கூறாக்கினால் அவற்றுள் இரண்டு முதல் எட்டுக் கூறுகளுக்குள் முடிந்துவிடும். இவற்றுட் சில ஒரே சுருதியில் நிற்கும். சில கமகம்போல் அசைந்தாடும். சில படிக்கட்டு ஏறுவதுபோல் தாவும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஒலிக்கச்செய்த பதிவுகளை நான் கேட்டிருக்கிறேன். 50 கிலோஹெர்ட்ஸ் கூவல் அப்போது 5 கிலோஹெர்ட்ஸாக இறங்கி, விடியற்காலையில் மரக்கிளையில் கூடும் சிறு பறவைகளின் குரலை ஒத்திருந்தது. 22 கிலோஹெர்ட்ஸ் கூவலோ நீண்டு ஒலிக்கும் ஊளையாக இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் எவரும் அவற்றை ஒன்றென மயங்கமாட்டார்.

இவ்விரு கூவல்களும் எப்போது எழுகின்றன? பூனையைக் கண்டு வளைக்குள் ஓடி ஒளிந்த எலிகள் நெடுநேரம் 22 கிலோஹெர்ட்ஸில் கூவியதை, 1991-இல் ஹவாயில் ஆராய்ச்சி செய்த பிளாஞ்சார்டு தம்பதியர் அறிவித்தனர். சண்டையில் தோற்ற எலியும், வலி வரப்போகிறது என்று அஞ்சும் எலியும் இவ்வாறே கூவும். மாறாக, இளம் எலிகள் விளையாடும்போதும், உணவோ துணையோ கிடைக்கப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதும் 50 கிலோஹெர்ட்ஸ் கூவல்கள் பெருகுகின்றன. 1990-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யாக் பாங்க்செப் என்னும் அறிஞரும் அவருடைய மாணவர் பர்க்டார்ஃபும் ஒரு விந்தையான சோதனை செய்தனர். இளம் எலியைப் புரட்டிப்போட்டு, குழந்தைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல் விரல்களால் மூட்டினர். 50 கிலோஹெர்ட்ஸ் கூவல்கள் மழைபோல் பொழிந்தன. அந்த எலிகள் கையைக் கண்டு ஓடவில்லை. கையைத் தேடித் தொடர்ந்து வந்தன.

ஜெர்மனியின் மார்புர்க் நகரில் வோர், ஷ்வார்ட்டிங் என்னும் இருவர் 2007-இல் வேறொரு முறையில் இதனைச் சோதித்தனர். பதிவுசெய்த 50 கிலோஹெர்ட்ஸ் கூவலை ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்தபோது, எலிகள் ஒலி வந்த திசையை நோக்கிச் சென்றன. 22 கிலோஹெர்ட்ஸ் கூவல் கேட்டபோதோ அவற்றின் நடமாட்டம் குறைந்தது. ஆகவே இவை வெறும் மூச்சொலி அல்ல. கேட்கும் எலிக்கும் அவற்றில் பொருள் உண்டு.

இனி, போதைப் பழக்கத்துக்கு வருவோம். ஆண்டர்சன் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1954-ஆம் ஆண்டில், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இரு அறிஞர்கள் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தி, நெம்புகோலை எலி அழுத்தும்போதெல்லாம் சிறு மின்சாரம் பாயுமாறு அமைத்தனர். மூளையின் சில பகுதிகளில் கம்பி இருந்தபோது எலி சளைக்காமல் நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தது. 1962-இல் வீக்ஸ் என்பவர் மின்சாரத்துக்குப் பதிலாக, நெம்புகோலை அழுத்தினால் எலியின் இரத்தக்குழாயில் மார்ஃபின் செல்லுமாறு அமைத்தார். எலி தானாகவே மார்ஃபினை ஏற்றிக்கொண்டது. போதைப் பழக்கம் மனிதனின் ஒழுக்கக்கேடு மட்டுமே என்று நினைத்திருந்தவர்களுக்கு இச் சோதனைகள் பெரும் பாடம் புகட்டின. நீதிநூல் ஏதும் அறியாத எலியும் போதைக்கு அடிமையாகிறது என்றால், அடிமைத்தனத்தின் வேர் மூளையில் இருக்கவேண்டும் அன்றோ?

அன்று முதல் நெம்புகோலே இத்துறையின் அளவுகோலாக விளங்கி வருகிறது. எலி எத்தனை முறை அழுத்தியது, ஒரு முறை மருந்து பெற எவ்வளவு உழைக்க முன்வந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் நெம்புகோல் சொல்லாத ஒன்று உண்டு. ஒருவன் நாள்தோறும் மதுக்கடைக்குச் செல்வதை நாம் பார்க்கிறோம். அவன் இன்பம் நாடிச் செல்கிறானா, அல்லது குடிக்காதபோது உண்டாகும் துன்பத்தைத் தீர்க்கச் செல்கிறானா? கால்நடையைக் கொண்டு இதனைச் சொல்ல முடியாது. மருத்துவருக்கோ இந்த வேறுபாடு முக்கியமானது. இன்பவேட்கையைத் தணிக்கும் மருந்து வேறு. விட்டபின் வரும் வேதனையை ஆற்றும் மருந்து வேறு. மனிதனைக் கேட்டால் ஏதோ ஒரு விடை சொல்வான். எலியை எப்படிக் கேட்பது? என் மாணவன் ஒருவன் ஒரு நாள் இந்தக் கேள்வியையே கேட்டான்: "எலிக்கு வாய் உண்டு, சொல் இல்லையே ஐயா, அது மகிழ்கிறதா, வருந்துகிறதா என்று எப்படித் தெரியும்?" அந்த இடத்தில்தான் கேளாக் கூவல்கள் நமக்குத் துணைக்கு வருகின்றன.

1999-இல் பாங்க்செப் குழுவினர், முன்பு போதைமருந்து கொடுக்கப்பட்ட இடத்தில் மீண்டும் விடப்பட்ட எலிகள், மருந்து தராதபோதும் 50 கிலோஹெர்ட்ஸில் மிகுதியாகக் கூவுவதைக் கண்டனர். இடத்தைக் கண்டதுமே எதிர்பார்ப்பு பிறந்துவிட்டது. மதுவை விட்டவன் பழைய கடைத்தெரு வழியே நடக்க அஞ்சுவது ஏன் என்பது இதனால் ஓரளவு விளங்கும். 2001-இல் அதே குழுவினர் ஆம்பெடமைன் என்னும் ஊக்கமருந்தை மூளையின் உள்ளே நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்னும் சிறு பகுதியில் நேரே செலுத்தியபோது, 50 கிலோஹெர்ட்ஸ் கூவல்கள் எழுந்தன. டோபமைன் என்னும் இரசாயனம் தொழிற்படும் முக்கிய இடங்களுள் அது ஒன்று. 2014-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மற்றொரு புறத்தையும் காட்டினர். கோக்கேனைத் தாமாகவே ஏற்றிக்கொள்ளும் எலிகளில், உடலிலுள்ள மருந்தின் அளவு அவை நாடும் மட்டத்துக்குக் கீழே இருந்தபோது, 22 கிலோஹெர்ட்ஸ் கூவல்கள் எழுந்தன. மருந்து உடலை விட்டு முற்றும் நீங்கும் முன்னரே துன்பம் தலைகாட்டிவிட்டது. இன்பமும் அதைத் தொடரும் துன்பமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று 1974-இல் சாலமன், கார்பிட் என்னும் உளவியல் அறிஞர்கள் ஒரு கொள்கை வகுத்திருந்தனர். அக் கொள்கைக்கு எலியின் குரலே சான்று பகர்ந்தது எனலாம்.

இவ்வளவு பயனுள்ள கூவல்களை ஏன் எல்லா ஆராய்ச்சிக்கூடங்களும் முன்பே பயன்படுத்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணம், உழைப்பின் அளவு. ஓர் ஒலியை எண்களாக மாற்றிப் பதிவு செய்ய வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் ஒவ்வொரு விநாடியும் அளவெடுக்க வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் வரை பதிய விநாடிக்கு 2,50,000 அளவுகள் தேவை. ஒவ்வோர் அளவும் கணிப்பொறியில் இரண்டு பைட்டு இடத்தைப் பிடிக்கும் என்று கொண்டால், ஒரு நிமிடப் பதிவுக்கு மூன்று கோடி பைட்டு. ஒரு மணி நேரத்துக்கு 180 கோடி பைட்டு. இருபது எலிகளை, நாள் ஒன்றுக்கு ஒரு மணி வீதம், ஒரு மாதம் பதிவு செய்தால் 600 மணி நேரப் பதிவு குவிந்துவிடும்.

பதிவு செய்தால் மட்டும் போதாது. அதனை ஒலிவரைபடமாக மாற்ற வேண்டும். இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாக அதிர்வெண், ஒலியின் வலிமைக்கேற்பக் கருமை என்று அமைந்த படம் அது. 22 கிலோஹெர்ட்ஸ் கூவல் அதில் ஒரு நீண்ட கோடாகத் தெரியும். 50 கிலோஹெர்ட்ஸ் கூவல் சிறு புள்ளியாகவோ, வளைவாகவோ, அலையாகவோ தெரியும். பயிற்சி பெற்ற ஒருவர் திரையின்முன் அமர்ந்து, படத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு கூவலையும் குறித்து, அதன் வகையை எழுத வேண்டும். 2010-இல் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைட் முதலியோர் 50 கிலோஹெர்ட்ஸ் கூவல்களை மட்டுமே 14 வகைகளாகப் பிரித்தனர். ஆம்பெடமைன் பெற்ற எலிகளில், வேகமாய் அசையும் கமகக் கூவல்களின் பங்கு உயர்ந்ததையும் அவர்கள் கண்டனர். ஆகவே கூவல்களை எண்ணினால் போதாது. வகையையும் பார்த்தாக வேண்டும். சில நிமிடப் பதிவைப் பார்த்து முடிக்க மணிக்கணக்கான நேரம் ஆகும். காலையில் ஒரு வகை என்று குறித்ததை மாலையில் சோர்ந்த கண் வேறு வகை என்று குறிக்கும். இருவர் பார்த்தால் இருவரும் ஒத்துப்போவதில்லை.

இந்த இடத்தில்தான் எந்திரத்தின் உதவி நாடப்பட்டது. 2013-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், மதுப் பழக்கத்தை ஆராயும் குழுவினர் 'வேவ்ஸ்' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டனர். விதிகளைக் கொண்டு இயங்கும் முறை அது. ஒலிவரைபடத்தில் சுற்றுப்புறத்தைவிட வலுவான கறைகளைத் தேடும், அதிர்வெண், நீளம், வடிவம் இவை கூவலுக்குரிய எல்லைக்குள் உள்ளனவா என்று பார்க்கும், உள்ளவற்றைக் குறித்துக்கொள்ளும், அல்லவற்றைத் தள்ளும். அரிசியைச் சல்லடையில் சலிப்பது போன்றது இம்முறை. கண் அளவு சரியாக இருந்தால் கல் வேறாகவும் அரிசி வேறாகவும் பிரியும்.

2019-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஃபி, மார்க்ஸ், நியூமேயர் என்னும் மூவர் 'டீப்ஸ்குவீக்' என்னும் நிரலை வெளியிட்டனர். இதில் விதிகளை மனிதன் எழுதித் தருவதில்லை, எந்திரமே கற்றுக்கொள்கிறது. குழந்தைக்கு நாம் காக்கையையும் குருவியையும் எவ்வாறு கற்பிக்கிறோம்? அலகின் நீளம் இவ்வளவு என்று அளந்து சொல்வதில்லை. "இதோ காக்கை, இதோ குருவி" என்று பலமுறை காட்டுகிறோம். குழந்தை தானே வேறுபாட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதுபோல, மனிதர் குறித்து வைத்த ஏராளமான கூவற்படங்களை எந்திரத்துக்குக் காட்டுகின்றனர். அதனுள்ளே அடுக்கடுக்காக அமைந்த எண்கள் உள்ளன. ஒவ்வொரு முறை தவறும்போதும் அவ்வெண்கள் சிறிது திருத்தப்படுகின்றன. பன்முறை திருத்தியபின், காணாத படத்திலும் கூவலை அடையாளம் காணும் திறமை அதற்கு வருகிறது. வேலை இரு படியாக நடக்கும். முதலில் படத்தில் ஐயத்துக்குரிய இடங்களைச் சுற்றிக் கட்டமிடும். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது கூவலா, நகம் உராய்ந்த வெற்றோசையா என்று தீர்ப்புச் சொல்லும்.

எந்திரம் சொல்வதை அப்படியே நம்பலாமா? மாணவர்கள் இங்குச் சிறிது நின்று எண்ண வேண்டும். எந்திரம் இருவகையில் தவறும். உண்மையான கூவலைக் காணாமல் விடுவது ஒன்று. கூவல் அல்லாததைக் கூவல் என்பது மற்றொன்று. எடுத்துக்காட்டாக, ஒரு பதிவில் 100 கூவல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் எந்திரம் 90 கூவல்களைப் பிடித்து, அவற்றோடு 30 வெற்றோசைகளையும் சேர்த்து 120 என்கிறது. மற்றொன்று 70 கூவல்களை மட்டும் பிடித்து, வெற்றோசை ஒன்றையும் சேர்க்காமல் 70 என்கிறது. எது சிறந்தது? கேள்வியைப் பொறுத்தே விடை. அரிதாக எழும் துன்பக் கூவல் ஒன்றைத் தேடுபவருக்கு முதல் எந்திரம் உதவும். பொய்யைப் பிறகு அவர் கையால் நீக்கிக்கொள்ளலாம். மருந்தளவுக்கேற்பக் கூவல் எவ்வாறு மாறுகிறது என்று ஒப்பிடுபவருக்கு இரண்டாவது உதவும். இதிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஊக்கமருந்து பெற்ற எலி மிகுதியாக ஓடும். ஓடினால் நகவோசை பெருகும். நகவோசையைக் கூவலாக எண்ணும் எந்திரம், எலி மகிழ்கிறது என்று பொய்ச்சாட்சி சொல்லிவிடும். ஆகவே நல்ல ஆராய்ச்சியாளர் எந்திரம் குறித்தவற்றில் ஒரு பகுதியைத் தம் கண்ணால் சரிபார்த்த பின்னரே முடிவு கூறுவர். ஒரே ஒலிவாங்கியின்முன் இரு எலிகள் இருந்தால், கூவியது எது என்று சொல்வதும் எந்திரத்துக்கு எளிதன்று.

வகைப்படுத்தலிலும் ஒரு சிக்கல் உண்டு. கூவல்கள் உண்மையிலேயே தனித்தனி வகைகளாக இருக்கின்றனவா, அல்லது நாம்தான் கோடு கிழித்து வகை செய்கிறோமா? 2021-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், சுண்டெலிகளின் கூவல்களை எவ்வித முன்வகையும் சொல்லாமல் எந்திரத்தின்முன் வைத்தனர். பறவைப் பாட்டின் அசைகள் தனித்தனிக் குவியல்களாகப் பிரிந்தன. சுண்டெலியின் கூவல்களோ ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல மாறும் தொடர்ச்சியாகவே இருந்தன. வானவில்லில் எங்கே பச்சை முடிகிறது, எங்கே நீலம் தொடங்குகிறது? எல்லைக்கோடு நாம் இடுவது. எனினும் பச்சையும் நீலமும் ஒன்றல்ல.

இவ்வாறு எச்சரிக்கையுடன் பயன்படுத்தும்போது எந்திரச் செவி அரிய பயன் தருகிறது. அமெரிக்காவின் இண்டியானாவில் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இணைக்கப்பட்டு, மதுவை மிகுதியாகக் குடிக்கும் ஓர் எலி மரபும், மிகக் குறைவாகக் குடிக்கும் மற்றோர் எலி மரபும் உருவாக்கப்பட்டுள்ளன. டெக்சாஸ் குழுவினர் தம் எந்திர முறையால் இவ்விரு மரபு எலிகளின் கூவல்களையும் ஆராய்ந்தனர். மதுவின் சுவையை ஒருமுறையேனும் அறியாத எலிகளிலேயே, கூவல்களின் தன்மையைக்கொண்டு எது எந்த மரபு என்று பிரித்தறிய முடிந்ததை அவர்கள் 2018-இல் வெளியிட்டனர். கூவலின் சராசரி அதிர்வெண், நீளம், வலிமை போன்ற நுண்ணளவுகளில் வேறுபாடு இருந்தது. ஆயிரக்கணக்கான கூவல்களைச் சலியாமல் அளக்கும் எந்திரம் இல்லாவிடில் இத்தகைய நுட்பம் கண்ணுக்குப் புலப்பட்டிராது.

இம் முடிவின் பொருளை எண்ணிப் பாருங்கள். முதல் துளியைச் சுவைப்பதற்கு முன்பே ஓர் உயிரின் உணர்ச்சி அமைப்பு மற்றோர் உயிரினுடையதினின்று வேறுபட்டிருக்கலாம். மனிதரிலும் இத்தகைய வேறுபாடு பிறப்போடு வரக்கூடுமானால், ஒருவன் வீழ்வதையும் மற்றொருவன் தப்புவதையும் மனஉறுதி ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. போதைக்கு அடிமையானவனை ஏளனம் செய்யும் நாக்கு இதனை அறிந்தால் சற்றே அடங்கும். அதே வேளையில், எலியின் மரபைக் கொண்டு மனிதனின் தலையெழுத்தை எழுதிவிடவும் கூடாது. அந்த எலிகள் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. மனிதனுக்கோ குடும்பம் உண்டு, நண்பர் உண்டு, வறுமை உண்டு, சட்டம் உண்டு, மீளவேண்டும் என்னும் எண்ணமும் உண்டு.

இன்னொரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். 50 கிலோஹெர்ட்ஸ் கூவலைச் சிலர் எலியின் சிரிப்பு என்றே அழைக்கின்றனர். சொல் இனியது, ஆயினும் அதை அளவறிந்து பயன்படுத்த வேண்டும். ஆம்பெடமைன் இக் கூவல்களைப் பெருக்குகிறது. ஆனால் மார்ஃபினும் நிகோடினும், எலிகள் விரும்பி ஏற்கும் மருந்துகளாக இருந்தும், ஆம்பெடமைனைப்போல் அவற்றைப் பெருக்குவதில்லை. ஆதலால் கூவல் மிகுந்தால் இன்பம் மிகுதி, கூவல் குறைந்தால் இன்பம் குறைவு என்று உஷ்ணமானியைப் பார்ப்பதுபோல் எளிதாகப் படித்துவிட முடியாது. கூவல் ஒரு சாட்சி. நெம்புகோல் மற்றொரு சாட்சி. மூளையின் இரசாயனம் மூன்றாவது சாட்சி. நல்ல நீதிபதி ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பளிக்கமாட்டார்.

இவையெல்லாவற்றிலும் என் மனத்தைத் தொடுவது ஒன்று உண்டு. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், சோதனைப் பிராணிகளைப் பற்றி மூன்று கடமைகளை வகுத்தனர். பிராணியின்றிச் செய்யக்கூடிய சோதனையைப் பிராணியின்றியே செய்க. பிராணிகளின் எண்ணிக்கையைக் குறைத்திடுக. தவிர்க்க முடியாதபோது துன்பம் மிகக் குறையும் முறையைக் கையாளுக என்பன அவை. மூன்றாவது கடமையை நிறைவேற்றத் துன்பம் எப்போது உண்டாகிறது என்று தெரிய வேண்டும். நெடுங்காலமாக ஆய்வுக்கூடத்தில் எலி துன்பப்பட்டுக் கத்தியபோதும், அருகில் நின்ற மனிதனுக்குக் கேட்கவில்லை. இன்று ஒலிவாங்கியும் கணிப்பொறியும் அக் குரலை நம்முன் வைக்கின்றன. கேளாதபோது நமக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்ட பிறகு அவ்வாறு சொல்ல முடியாது. அறிவு வளரும்போது பொறுப்பும் வளர்கிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், சிலர் கணிப்பொறி வல்லுநராகலாம், சிலர் உயிரியலை மேற்கொள்ளலாம். நான் சொன்ன இவ்வாராய்ச்சி இம் மூவரும் ஒன்றுகூடினாலன்றி நடவாது. ஒலியை அறிந்தவர் கருவி அமைத்தார். பிராணியை அறிந்தவர் எங்கே கேட்பது என்று சொன்னார். கணிதம் அறிந்தவர் எண்களைப் பிரித்துத் தந்தார். நோயாளியை அறிந்தவர் எதற்காகக் கேட்கிறோம் என்பதை நினைவூட்டினார். எந்திரம் விரைவாக எண்ணும்; நுட்பமாக அளக்கும்; சோர்வறியாது. ஆனால் எண்ணியதன் பொருளைத் தேர்வதும், அந்தப் பொருளைத் துன்புறுவோரின் நன்மைக்குப் பயன்படுத்துவதும் மனிதரின் வேலையாகவே இருக்கின்றன.